தமிழ்ப் பெயர்களில் தேடல், முதல் எழுத்து, அகரவரிசை மூன்றும் தவறுகின்றன: பைதான் + போஸ்ட்கிரெஸ்

கரிசல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. உறுப்பினர் பட்டியல் ஒன்றுக்கான செயலி. பின்னால் பைதான் 3.11, போஸ்ட்கிரெஸ் 15 (லோகேல் சி), முன்னால் ரியாக்ட். பெயர்கள் மூன்று வழியாக உள்ளே வருகின்றன: போன் கீபோர்டு, பாமினியிலிருந்து (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு முறை) யூனிகோடுக்கு மாற்றிய பழைய எக்செல் கோப்புகள், பிடிஎஃப்-இலிருந்து காப்பி செய்த பட்டியல்கள்.

சிக்கல்கள்:

1. "கோபால்" என்று தேடினால் சில கோபால்கள் வருவதில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன.
2. படம் இல்லாதவர்களுக்கு வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்தைக் காட்டுகிறோம். கோபாலுக்கு "க" என்றும் செல்விக்கு "ச" என்றும் வருகிறது.
3. ஆர்டர் பை கொடுத்தால் மனோகர், மயில்சாமி, மரகதம், மலர்விழி என்று வருகிறது. மனோகர் கடைசியில் அல்லவா வரவேண்டும்?
4. சிஎஸ்வி-யாக இறக்கி எக்செலில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஏதேதோ குறிகள்.

எடுத்து ஒட்டக்கூடிய துணுக்குகள் இருந்தால் கொடுங்கள். ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொன்னால் குழுவுக்கு விளக்க வசதியாக இருக்கும்.

---

பொதிகை

முதல் சிக்கலில் தொடங்குகிறேன். அது சரியாகாமல் மற்ற மூன்றில் கைவைத்துப் பயனில்லை.

பைதானில் பெயரின் ஒவ்வொரு குறியீட்டு எண்ணையும் ஆர்ட் ஃபங்ஷனால் அச்சிட்டுப் பாருங்கள். ஒரு கோபால் இப்படி வரும்:

[2965, 3019, 2986, 3006, 2994, 3021]

தேடலில் சிக்காத கோபால் இப்படி வரும்:

[2965, 3015, 3006, 2986, 3006, 2994, 3021]

முதலாவதில் ஓகாரக் குறி ஒரே குறியீடு, 3019. இரண்டாவதில் அதே குறி இரண்டு துண்டாக இருக்கிறது: ஏகாரக் கொம்பு 3015, கால் 3006. எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிடும், டேட்டாபேஸ் எண்களைத்தான் ஒப்பிடும். பாமினி மாற்றிகளும் பிடிஎஃப் காப்பியும் துண்டு வடிவத்தைத் தாராளமாகக் கொடுக்கும். ஒகரம் (3014 + 3006), ஔகாரம் (3014 + 3031), தனி ஔ (ஒ + 3031) மூன்றுக்கும் இதே கதைதான்.

யூனிகோடு தரத்திலேயே இந்த இரண்டு வடிவங்களும் சமம் என்று எழுதியிருக்கிறது. ஒன்றாக்கும் வேலைக்கு என்எஃப்சி என்று பெயர். பைதானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது: முதல் ஆர்க்யுமென்ட் 'என்எஃப்சி', இரண்டாவது சரம். ஜாவாஸ்கிரிப்ட்டில் சரத்தின் மீதே நார்மலைஸ் மெத்தட் உண்டு, ஆர்க்யுமென்ட் கொடுக்காவிட்டாலும் என்எஃப்சி-தான் செய்யும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் எஸ்கியூஎல்-இலேயே நார்மலைஸ் இருக்கிறது, ஆகவே உங்கள் 15-இல் தடையில்லை. என்கோடிங் யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும்.

எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். எழுதும்போது ஒரு முறை, தேடல் சொல் வரும்போது ஒரு முறை. இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் பழைய நிலைதான். டேபிளில் "பெயர் இஸ் என்எஃப்சி நார்மலைஸ்டு" என்ற செக் கன்ஸ்ட்ரெயின்ட்டையும் (பொருந்தாத மதிப்பை டேபிள் ஏற்க மறுக்கும் விதி) சேர்த்துவிடுங்கள். நாளை வேறொரு ஸ்கிரிப்ட் நேரடியாக இன்சர்ட் செய்தாலும் துண்டு வடிவம் உள்ளே நுழையாது.

என்எஃப்சி சரிசெய்யாத ஒன்று: சௌந்தர்யாவில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் "ள" என்ற எழுத்தும் (3014 + 2995) அடிப்பவர்கள் ஏராளம். "சௌ", "செள" இரண்டும் பல எழுத்துருக்களில் பார்வைக்கு ஒன்றே. யூனிகோடின் கணக்கில் அவை வேறு வேறு சொற்கள், அதனால் அது தொடாது. இதற்கு ரெகெக்ஸ்தான் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் சூத்திரம்) வழி:

ெள(?![ா-்])

"ெள"-க்குப் பின் வேறு குறி வராத இடங்களை மட்டும் இது பிடிக்கும். வெள்ளி, வெளி, தெளிவு எல்லாம் தப்பித்துவிடும், ஏனென்றால் அங்கே ள-வுக்குப் பின் புள்ளியோ குறியோ இருக்கிறது. "ஒளவை" போன்றவற்றுக்கு ஒள(?![ா-்]) என்று இன்னொன்று. பெயர்க் கட்டத்தில் இந்த இரண்டும் பிடிப்பதை முறையே "ௌ", "ஔ" என்று துணிந்து மாற்றலாம். கட்டுரை போன்ற ஓடும் உரையில் தானாக மாற்ற வேண்டாம். "வெளங்கும்" மாதிரிப் பேச்சு வழக்குச் சொல் இருந்தால் கெடுத்துவிடும். அங்கே பட்டியல் எடுத்துக் கண்ணால் பார்த்து மாற்றுவதே சரி.

---

இடைமுகம்

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். "தமிழ்" என்ற ஒரே சொல்லின் நீளத்தைக் கேட்டால் கோ மொழி 15 என்கிறது, பைதானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 5 என்கின்றன, ஸ்விஃப்ட் 3 என்கிறது. மூன்றும் சரி. கோ எண்ணுவது பைட்டுகளை. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். பைதான் எண்ணுவது குறியீடுகளை: த, ம, ி, ழ, ். ஸ்விஃப்ட் எண்ணுவதுதான் நாம் பள்ளியில் எண்ணிய எழுத்து. நீங்கள் சரத்தின் 0-ஆம் உறுப்பை எடுக்கிறீர்கள், அதனால் கோ-வின் குறி கழன்று க மட்டும் நிற்கிறது.

என்எஃப்சி செய்த சரத்துக்கு இந்த ஒரு வரி போதும்:

க்ஷ[ா-்]?|ஸ்ரீ|ஶ்ரீ|[ஃ-ஹ][ா-்]?|.

பைதானில் ஃபைண்ட்ஆல்-இல் கொடுத்தால் எழுத்துகளின் பட்டியல் கிடைக்கும். லக்ஷ்மி: ல, க்ஷ், மி. ஸ்ரீதர்: ஸ்ரீ, த, ர். கௌரி: கௌ, ரி. என்எஃப்சி-க்குப் பிறகு ஒழுங்காக எழுதிய எந்தத் தமிழ் எழுத்தும் "ஒரு அடிப்படை எழுத்து + அதிகபட்சம் ஒரு குறி" என்ற அளவைத் தாண்டாது. அந்தப் பண்புதான் இந்த ரெகெக்ஸை இவ்வளவு சின்னதாக வைத்திருக்கிறது. என்எஃப்சி செய்யாமல் ஓட்டினால் துண்டு வடிவ "கோ", "கே" ஆகவும் ஒரு தனிக் காலாகவும் பிரியும்.

வரிசையை மாற்றாதீர்கள். க்ஷ, ஸ்ரீ முன்னால் இருந்தால்தான் அவை முழுசாகப் பிடிபடும். கடைசிப் புள்ளி இடைவெளி, ஆங்கிலம், எண்களுக்கானது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜி கொடியோடு யூ கொடியையும் போடுங்கள், இல்லாவிட்டால் எமோஜி இரண்டாகப் பிளக்கும்.

எடிட்டரில் [ா-்] என்ற பகுதி புள்ளி வட்டத்தோடு விகாரமாகத் தெரியும். சில எடிட்டர்களில் கர்சர் அதற்குள் போகவே மறுக்கும். அது தொந்தரவாக இருந்தால் 3006, 3021 என்ற எண்களிலிருந்து எழுத்தை உருவாக்கி ரெகெக்ஸ் சரத்தைக் கோத்துக்கொள்ளலாம். குழுவில் தமிழ் எழுத்துரு இல்லாதவர்கள் இருந்தால் அதுவே பாதுகாப்பு.

பிரவுசரில் சரத்தை எழுத்தாகப் பிரித்துத் தரும் இன்ட்ல்.செக்மென்டர் இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸிலும் 125-ஆம் பதிப்பிலிருந்து (2024) வந்துவிட்டது. லோகேல் "டிஏ", கிரானுலாரிட்டி "கிராஃபீம்" கொடுத்தால் கோ, செ எல்லாம் சரியாகப் பிரியும். ஒரே வேறுபாடு, க்ஷ, ஸ்ரீ இரண்டையும் இரண்டிரண்டு துண்டாகத் தரும். முதல் எழுத்து வட்டத்துக்கு ஸ்ரீதர் "ஸ்" ஆகிவிடுவார். அதனால் பெயர்களுக்கு மேலே உள்ள ரெகெக்ஸையே பரிந்துரைப்பேன்.

சொல்லைப் பிரிக்கப் பைதானின் ரீ மாட்யூலில் பின்சாய்வு டபிள்யூ பயன்படுத்தியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அதற்கு உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்தே இல்லை. "தமிழ்" கொடுத்தால் "தம", "ழ" என்று இரண்டு சொல் தரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னும் மோசம், யூ கொடி போட்டாலும் அது ஆங்கில எழுத்தை மட்டுமே அறியும், சொல்லெல்லைக்கான பின்சாய்வு பி-யும் அப்படியே. பதிலாக:

[ஃ-்]+

ஆய்த எழுத்திலிருந்து புள்ளி வரை தொடர்ச்சியான வரம்பு. உயிர், மெய், கிரந்தம், குறிகள் எல்லாம் இதற்குள் அடங்கும். பலர் [அ-ஹ] என்று எழுதுகிறார்கள். அதில் குறிகள் விடுபட்டு மீண்டும் "தம", "ழ" தான் வரும்.

தேடல் பெட்டியில் தட்டத் தட்ட முடிவு காட்டுகிறீர்கள் என்றால் இன்னொன்று. ஒலிப்பு முறைக் கீபோர்டில் கோ அடிப்பவருக்கு முதலில் "க்" விழும், அடுத்த தட்டலில்தான் "கோ" ஆகும். "க்" என்ற முன்னொட்டு கோபாலோடு பொருந்தாது, ஆகவே பட்டியல் ஒரு கணம் காலியாகி மீண்டும் வரும். தேடல் சொல்லின் கடைசிக் குறியீடு 3021 என்றால் அதை மட்டும் வெட்டிவிட்டு முன்னொட்டுத் தேடலுக்கு அனுப்புங்கள். சேமிக்கும் பெயரில் இதைச் செய்யக்கூடாது, தேடல் சொல்லில் மட்டும்.

---

அட்டவணை

அகரவரிசைக்கு வருவோம். லோகேல் சி என்றால் போஸ்ட்கிரெஸ் பைட் வரிசையில் அடுக்கும், அதாவது யூனிகோடு அட்டவணை வரிசையில். அந்த அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ற என்பது ர-வுக்கு அடுத்து. ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். ல, ள, ழ, வ என்று போகிறது. புள்ளி எல்லாக் குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் "க்" என்பது "கௌ"-வுக்கும் பிறகு வரும். மனோகர் முதலில் வந்ததற்குக் காரணம் ன-வின் இந்த இடம்தான்.

எளிய வழி: ஆர்டர் பை பெயருக்குப் பின் கொலேட் சேர்த்து "டிஏ-எக்ஸ்-ஐசியூ" கொடுங்கள். ஐசியூ (மொழிவாரி அகரவரிசை விதிகள் உள்ள லைப்ரரி) ஆதரவோடு கட்டிய போஸ்ட்கிரெஸில் இது ஏற்கெனவே இருக்கும், தனியாக உருவாக்கத் தேவையில்லை. மெய்வரிசை சரியாகிவிடும். பெயர்க் காலத்துக்கு (டேபிளின் நெடுவரிசையைக் காலம் என்கிறேன்) இன்டெக்ஸும் வேண்டுமென்றால் இன்டெக்ஸிலும் அதே கொலேட் இருக்க வேண்டும், இல்லையென்றால் வரிசைப்படுத்த அந்த இன்டெக்ஸ் உதவாது. சர்வர் மாற்றும்போது ஐசியூ பதிப்பு மாறினால் கொலேஷன் பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வரும். அதைப் புறக்கணிக்காமல் ரீஇன்டெக்ஸ் செய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் இருக்கிற பெயரையே இல்லை என்று சொல்லும் அபாயம் உண்டு.

புள்ளி எழுத்து எங்கே வரவேண்டும், கிரந்தம் எங்கே வரவேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டுமென்றால் வரிசைச் சாவி ஒன்றைத் தனிக் காலத்தில் சேமியுங்கள். எந்த டேட்டாபேஸுக்குப் போனாலும் மாறாது என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். இடைமுகம் கொடுத்த ரெகெக்ஸால் எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் நான்கு இலக்கம்.

முதல் இரண்டு இலக்கம் அடிப்படை எழுத்துக்கு. அ முதல் ஔ வரை 01 முதல் 12. ஆய்தம் 13. பிறகு இந்த வரிசையில் 14 முதல் 31:

கஙசஞடணதநபமயரலவழளறன

அடுத்து ஜஶஷஸஹ 32 முதல் 36, க்ஷ 37, ஸ்ரீ 38.

அடுத்த இரண்டு இலக்கம் குறிக்கு. புள்ளி 00, குறியில்லாத எழுத்து 01, மற்றவை குறியீட்டு எண்ணிலிருந்து 3004 கழித்தது. கால் 02, ஔகாரக் குறி 16. நடுவில் சில எண்கள் காலியாக இருக்கும், வரிசைக்கு அதனால் பாதிப்பில்லை. இடைவெளிக்கு 0000.

மயில்சாமி: 2301 2403 2600 1602 2303
மனோகர்: 2301 3115 1401 2500

இடைவெளி இல்லாமல் ஒட்டிச் சேமித்து, அந்தக் காலத்துக்குக் கொலேட் "சி" கொடுங்கள். 24 என்பது 31-க்கு முன், ஆகவே மயில்சாமி முன்னால். ஆங்கிலத்தில் எழுதிய பெயர் கலந்திருந்தால் 99 போட்டு, பின்னால் குறியீட்டு எண்ணை மூன்று இலக்கமாக (065 என்பதுபோல) எழுதினால் அவை கடைசியில் சேரும்.

தலைப்பெழுத்தைப் பெயரோடு சேர்த்து ஒரே காலத்தில் வைத்திருக்கிறீர்களா? "செ. கோபால்" ச-வில் போய் விழுவார். ரெகெக்ஸால் வெட்டுவது நம்பகமல்ல. "எம்.ஜி." என்று மூன்று எழுத்து வரை எழுதுபவர்கள் உண்டு, புள்ளியே வைக்காதவர்களும் உண்டு. படிவத்திலேயே தலைப்பெழுத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

நீள வரம்பு பற்றியும் ஒரு சொல். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டிலும் வார்கேர்(20) என்றால் 20 குறியீடு. ஆரக்கிளில் அமைப்பை மாற்றாதவரை வார்கேர்2(20) என்பது 20 பைட், அதாவது 6 தமிழ்க் குறியீடு. கோபால் என்ற ஒரு பெயரே அதில் நிரம்பிவிடும். கேர் என்று வெளிப்படையாக எழுதினால் தீர்ந்தது. மைஎஸ்கியூஎல்-இல் "யூடிஎஃப்8" என்ற பழைய பெயர் 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் அதில் அடங்கும், ஆனால் பெயரோடு ஒரு எமோஜி வந்தால் இன்சர்ட் விழும். "யூடிஎஃப்8எம்பி4" தான் வேண்டும்.

எக்செல் விவகாரம் சின்னது. கோப்பின் தலையில் பிஓஎம் என்ற குறி (65279) இல்லாவிட்டால் எக்செல் அதை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது. பைதானில் எழுதும்போது என்கோடிங்கை "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுங்கள். திரும்ப வாசிக்கும்போதும் அதையே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் காலத்தின் தலைப்பில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறி ஒட்டிக்கொண்டு, "பெயர்" என்ற கீ இல்லை என்று பிழை வரும்.

---

கரிசல்

நன்றி அண்ணாக்களே. டெஸ்ட் டேட்டாபேஸில் என்எஃப்சி ஓட்டினேன். கோபால்கள் எல்லாம் கிடைத்துவிட்டார்கள். ஆனால் புதிதாக ஒன்று: எக்செலிலிருந்து வந்த "சேர்மக்கனி" சிலருக்கு "சோ்மக்கனி" என்று நிற்கிறது. கார்த்திக் சிலருக்கு "காா்த்திக்" என்றே இருக்கிறது. என்எஃப்சி-தான் கெடுத்ததா?

---

எழுத்தாணி

மூலத்திலேயே இருந்த பிழை. என்எஃப்சி அதைப் பூட்டிவிட்டது.

ர் என்ற எழுத்துக்குப் பதில் கால் (3006), அதன்மேல் புள்ளி (3021) என்று அடிக்கும் பழக்கம் தட்டச்சு நாள்களிலிருந்து தொடர்கிறது. அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால் செய்தித்தளங்களில்கூட "அவா்", "தமிழா்" என்று தினமும் பார்க்கலாம். ரி, ரீ இரண்டிலும் இதே வேலை நடக்கும்: "மாாி".

சேர்மக்கனியில் என்ன நடந்தது என்று பாருங்கள். மூலத்தில் ச, ே, ா, ் என்று இருந்தது. மூன்றாவது உண்மையில் ர ஆக இருந்திருக்க வேண்டும். என்எஃப்சி ஏகாரக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்துக் கண்டதும் விதிப்படி ஓகாரமாக இணைத்துவிட்டது. அதனால் கால்-புள்ளித் திருத்தத்தை என்எஃப்சி-க்குப் பின் ஓட்டினால் கார்த்திக் சரியாவார், சேர்மக்கனி சரியாக மாட்டார். அங்கே தனிக் கால் இப்போது இல்லையே.

மூன்று படி, இதே வரிசையில்:

முதலில் என்எஃப்டி. அது ோ, ொ எல்லாவற்றையும் துண்டு வடிவத்துக்குப் பிரிக்கும். ஏற்கெனவே பூட்டியதும் திறந்துவிடும், எனவே உங்கள் டெஸ்ட் டேட்டாபேஸை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை.

அடுத்து இந்த ரெகெக்ஸால் கிடைப்பதை "ர" என்று மாற்றுங்கள்:

ா(?=[ிீ்])

காலுக்குப் பின் இகர, ஈகாரக் குறியோ புள்ளியோ தமிழில் எங்கும் வராது. ஆகவே சௌ/செள போலத் தயங்க வேண்டாம், ஓடும் உரையிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்.

கடைசியாக என்எஃப்சி. அதன் பிறகுதான் பொதிகை சொன்ன ஔகாரத் திருத்தமும் வரிசைச் சாவியும்.

கண்ணுக்குத் தெரியாத குறிகளும் உங்கள் தரவில் இருக்கும், பிடிஎஃப் காப்பி என்கிறீர்களே. 8203, 8204, 8205, 65279, உடையா இடைவெளி 160. தேடல் சாவியில் (ஒப்பிடுவதற்காகச் சீராக்கி வைக்கும் பெயர்) முதல் நான்கையும் நீக்குங்கள், 160-ஐச் சாதாரண இடைவெளியாக்குங்கள். காட்டும் பெயரில் 8205-ஐத் தொடாதீர்கள், குடும்ப எமோஜி போன்றவை அதை வைத்துத்தான் ஒட்டியிருக்கின்றன.

---

பொதிகை

எழுத்தாணி சொன்ன வரிசைதான் சரி. என்எஃப்டி, ர திருத்தம், என்எஃப்சி மூன்றையும் ஒரே ஃபங்ஷனில் வைத்து, உள்ளே வரும் எல்லா வழிக்கும் அதையே அழையுங்கள். ஒரே பெயரை இரண்டு முறை அதற்குள் அனுப்பினாலும் விடை மாறக்கூடாது என்று ஒரு டெஸ்ட் எழுதிவையுங்கள். கோபால் (துண்டு வடிவம்), சோ்மக்கனி, காா்த்திக், செளந்தர்யா, லக்ஷ்மி, வெள்ளி ஆறும் அதில் இருக்கட்டும். வெள்ளி மாறாமல் வெளியே வரவேண்டும்.

கிட்-டில் இந்த டெஸ்ட் கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் ஸ்டேட்டஸில் \340\256\244 என்று எண்களாகக் காட்டும். அது த-வின் மூன்று பைட்டுகள். கோர்.கோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழிலேயே தெரியும். ஜேசன் கோப்பிலும் இதே மாதிரி வரும்; பைதானில் டம்ப்ஸ் அழைக்கும்போது என்ஷ்யூர்_ஆஸ்கி ஃபால்ஸ் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 3 பைட் குறியீடு ஒவ்வொன்றும் 6 பைட் ஆகிறது, டிஃப் பார்ப்பவருக்கும் ஒன்றும் புரியாது.

லைவ் டேட்டாபேஸில் ஓட்டுமுன் ஒரு வேலை. சீராக்கிய தேடல் சாவியைத் தனிக் காலத்தில் கணக்கிட்டு, குரூப் பை செய்து ஒன்றுக்கு மேல் வரும் சாவிகளை எடுங்கள். பெயரோடு போன் எண் சேர்த்து யூனிக் வைத்திருந்தால், இதுவரை இரண்டு கோபால்களாக இருந்த ஒரே ஆள் இப்போது மோதுவார், அப்டேட் பாதியில் நிற்கும். அந்த வரிசைகளை முதலில் கையால் இணைத்துவிட்டு, பிறகு அப்டேட், கடைசியில் செக் கன்ஸ்ட்ரெயின்ட். பெரிய டேபிள் என்றால் கன்ஸ்ட்ரெயின்ட்டை நாட் வேலிட் என்று சேர்த்துவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் வேலிடேட் செய்யுங்கள்.